கண்ணாடி இறங்குகிறது, ஏற மாட்டேன் என்கிறது: மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

குடவாசல்காரன் (கேள்வி):

வணக்கம். 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக், நான் இரண்டாவது ஓனர். கம்பெனிப் பெயர் வேண்டாம், எல்லா வண்டியிலும் வருகிற கோளாறுதான் என்று நினைக்கிறேன். பிரச்சினை இடது முன்கதவுக் கண்ணாடியில். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நின்றபோது ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடிகளை இறக்கினோம். சரக்கு ரயில் போய் கேட் திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மற்ற மூன்றும் ஏறின, இது மட்டும் ஏறவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் என் மாமனார். மன்னார்குடி வரை துண்டை விரித்துப் பிடித்தபடியே வந்தார். அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

இப்போதைய நிலை இதுதான். இடது கதவில் உள்ள சுவிட்சை அழுத்தினால் கண்ணாடி நல்ல வேகத்தில் இறங்குகிறது. அதே சுவிட்சில் ஏற்றினால் லேசாக ஒரு முனகல், விரற்கடை ஏறும், நின்றுவிடும். கையால் கண்ணாடியைப் பிடித்துத் தூக்கிவிட்டால் எப்படியோ மேலே போய்ச் சேருகிறது. டிரைவர் பக்கத்து மாஸ்டர் சுவிட்சில் ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை, இரண்டுக்கும் அதே முனகல்தான். மற்ற கதவுகளில் ஒரு குறையும் இல்லை. ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது.

ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றி, மோட்டார் கப்ளரை (ஒயர் இணைப்பை) பிடுங்கி, மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். சுவிட்சை அழுத்தினால் 12 வோல்ட் காட்டுகிறது. “கரண்ட் வந்துவிட்டது, மோட்டார்தான் அவுட்” என்று சொல்லி நாலாயிரத்துச் சொச்சம் கேட்கிறார்கள். வாங்கிப் போடலாமா? கையில் சாதாரண டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது, கொஞ்சம் ஒயர் வேலையும் தெரியும். பம்புசெட் ஸ்டார்ட்டர் பார்த்துப் பழக்கம்.

பாபநாசம் பயணி:

என் வண்டியிலும் கண்ணாடி ஏற மறுத்தது. மோட்டார் மாற்றியதும் சரியாகிவிட்டது. இறங்குவது சுலபம், ஏற்றத்தான் மோட்டாருக்குத் தெம்பு வேண்டும். 12 வந்துவிட்டது என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? மாற்றிவிடுங்கள்.

மன்னை ஒயர்மேன்:

தம்பி, மோட்டாரை வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

இடது சுவிட்சில் அழுத்தினால் நன்றாக இறங்குகிறது. அதே கண்ணாடியை மாஸ்டரில் இறக்கினால் முனகி நின்றுவிடுகிறது. இரண்டு முறையும் ஓடுவது அதே மோட்டார், அதே திசை. கெட்டுப்போன மோட்டாருக்கு யார் அழுத்தினார்கள் என்று தெரியுமா என்ன? பாபநாசம் நண்பர் சொல்கிற ‘ஏற்றத்துக்குத் தெம்பு இல்லாத மோட்டார்’ என்பதும் உண்டுதான். ஆனால் அது எந்த சுவிட்சில் அழுத்தினாலும் ஒரே மாதிரி இறங்க வேண்டும்.

முதலில் இந்த வயரிங்கைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் வண்டி மாடலில் பெரும்பாலும் பழைய பாணி சர்க்யூட்தான் இருக்கும். மோட்டாருக்கு இரண்டே ஒயர். ஒன்றில் ப்ளஸ், மற்றதில் எர்த் (அதாவது பேட்டரி மைனஸ்) கொடுத்தால் ஏறும், மாற்றிக் கொடுத்தால் இறங்கும். சும்மா இருக்கும்போது இரண்டு ஒயரும் எர்த்தில்தான் உட்கார்ந்திருக்கும். சுவிட்சை அழுத்தும்போது ஒரு பக்கம் மட்டும் எர்த்தை விட்டு ப்ளஸ்ஸுக்குப் போகும்.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி, அந்த எர்த் எங்கே இருக்கிறது என்பது. இடது கதவில் கிடையாது. இடது சுவிட்சிலிருந்து இரண்டு ஒயர் கிளம்பி, இடது கதவின் கீல் பக்கம் உள்ள மடிப்பு ரப்பர் வழியாக வெளியே வந்து, டேஷ்போர்டுக்கு அடியில் குறுக்கே போய், டிரைவர் கதவின் மடிப்பு ரப்பருக்குள் நுழைந்து, மாஸ்டர் சுவிட்சுக்குள் போய்த்தான் எர்த்தைத் தொடும். இடது கண்ணாடி ஓட வேண்டுமானால் கரண்ட் வண்டியின் அகலம் முழுவதும் நடந்து வலது கதவுக்குப் போய் முடிய வேண்டும். ‘இடது பக்கம் கோளாறு, அதனால் இடது கதவை மட்டும் பிரித்துப் பார்ப்போம்’ என்று உட்கார்ந்தால் பொழுதுதான் போகும்.

இப்போது அந்த இரண்டு ஒயரில் ஒன்று மட்டும் நைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது சுவிட்சில் இறக்கும்போது கரண்ட் திரும்புவது நல்ல ஒயர் வழியாக. அதனால் வேகமாக இறங்கும். ஏற்றும்போது நைந்த ஒயர் வழியாகத் திரும்ப வேண்டும், முனகும். மாஸ்டரில் அழுத்தினால்? போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரண்டு ஒயரும் வேண்டும். ஆகவே ஏற்றமும் வராது, இறக்கமும் வராது. நீங்கள் எழுதியது அப்படியே இதுதான்.

சரி, அப்படியானால் மீட்டர் ஏன் 12 காட்டியது? கப்ளரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்ததால். டிஜிட்டல் மீட்டர் கரண்டே இழுக்காது. பத்து இழை உள்ள ஒயரில் ஒன்பது அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 என்றுதான் சொல்லும். கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடையை மூடி வைத்திருந்தால் தலைப்பில் எவ்வளவு அடைப்பு இருந்தாலும் வாய்க்காலில் தண்ணீர் மெதுவாக ஏறி விளிம்பு வரை நிற்கும். மடையைத் திறந்து வயலுக்கு விட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் தண்ணீர் வருகிற லட்சணம். மோட்டார் கண்ணாடியைத் தூக்கும்போது 5 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். மக்கர் செய்து நின்றால் 20ஐக்கூடத் தொடும். அந்த லோடு இருக்கும்போது எத்தனை வோல்ட் என்பதுதான் கேள்வி. லோடு இல்லாமல் எடுத்த 12 ஒன்றுக்கும் உதவாது.

ஆகவே கப்ளரை மாட்டிவிட்டு, பின்பக்கமாக ஒயரை ஒட்டிக் குண்டூசி நுழைத்து அளங்கள். இன்சுலேஷனைக் குத்தாதீர்கள், அந்த ஓட்டை வழியாகத்தான் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கும். மீட்டரின் கறுப்பு முனையைக் கதவில் வைக்க வேண்டாம். கீல் வழியாக வருகிற எர்த்தை நம்ப முடியாது. நீள ஒயர் ஒன்றைப் பேட்டரி மைனஸிலிருந்தே இழுத்துக்கொள்ளுங்கள். சாவியை ஆன் செய்து, இஞ்சின் ஓடாமல், சுவிட்சை அழுத்தியபடி இரண்டு ஒயரையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஒரு பக்கம் 12க்குப் பக்கத்திலும் மறுபக்கம் பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் இருந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால், அப்போது மோட்டாரையோ கண்ணாடி ஓடும் சேனல் ரப்பரையோ திட்டலாம். ப்ளஸ் பக்கம் இறங்கியிருந்தால் சப்ளை வழியில் கோளாறு. எர்த்தாக இருக்க வேண்டிய பக்கம் மேலே ஏறியிருந்தால் திரும்புகிற வழியில் கோளாறு. நான் கடைசியில் சொன்னதைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள் என்பது என் கணக்கு.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. இரவில் இஞ்சினை அணைத்துவிட்டு உள் லைட்டைப் போட்டுக்கொண்டு சுவிட்சை அழுத்துங்கள். லைட் சட்டென்று மங்கினால் மோட்டார் கரண்டை நன்றாக இழுக்கிறது, ஏதோ இறுகிக் கிடக்கிறது. லைட்டில் அசைவே இல்லை என்றால் கரண்ட் போய்ச் சேரவில்லை. என் பட்டறையில் மீட்டருக்கு முன்னால் கைக்கு வருவது ஒரு பழைய எச்4 ஹெட்லைட் பல்பு. 55 வாட் இழை கிட்டத்தட்ட நாலரை ஆம்பியர் இழுக்கும். மோட்டார் கப்ளரில் மோட்டாருக்குப் பதில் அதை மாட்டி சுவிட்சை அழுத்தினால், பளீரென்று எரிகிறதா அழுது வடிகிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். சூடாகும், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் நிறக் கப்ளர் எது கண்ணில் பட்டாலும் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, அதில் குண்டூசியும் வேண்டாம், பல்பும் வேண்டாம். டோர் பேட் இல்லாமல் ஓட்டிப் பார்க்கும்போது கண்ணாடியைத் தூக்கி இறக்குகிற ரெகுலேட்டருக்குள் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேதாரண்யம் உப்புக்காற்று:

ஒயர்மேன் அண்ணன் சொல்வது சரி, ஆனால் எங்கள் பக்கம் ஒயரைவிட முதலில் போவது மாஸ்டர் சுவிட்ச். உப்பளக் காற்று. டிரைவர் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்துவிட்டு நிறுத்தினால் தூறல் நேராக சுவிட்ச் மேல் விழும். என் சுவிட்சைத் திறந்தபோது உள்ளே பித்தளையெல்லாம் பச்சை பூத்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்ததும் ஓடியது. கஜா புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் இப்படிப் பல வண்டி. நண்பர் அதையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

மன்னை ஒயர்மேன்:

பார்க்கலாம், மறுக்கவில்லை. மாஸ்டருக்குள் அந்த ஒரு கான்டாக்ட் மட்டும் பச்சை பிடித்திருந்தாலும் இதே அடையாளம்தான் வரும். ஆனால் அவருக்கு மற்ற மூன்று கண்ணாடியும் சுத்தமாக ஓடுகின்றன. தண்ணீர் குடித்த சுவிட்ச் ஒரே ஒரு கான்டாக்டைத் தேர்ந்தெடுத்துக் கெடுப்பது அபூர்வம். அதனால் இரண்டாவதாக வைத்துக்கொள்வோம். திறப்பவர்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேலே உள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் அப்புறம் சீக்கிரமே மறுபடி கறுக்கும்.

குடவாசல்காரன்:

அளந்துவிட்டேன். பேட்டரி 12.4. மோட்டாரில் நீலம், பச்சை என்று இரண்டு ஒயர். எல்லாம் கப்ளர் மாட்டியபடி, இடது சுவிட்சில் எடுத்தது.

இறக்கும்போது பச்சை 11.2, நீலம் 0.5. கண்ணாடி ஓடுகிறது.
ஏற்றும்போது நீலம் 11.9, பச்சை 8.3. முனகல்.

அப்படியானால் ஏற்றும்போது மோட்டாருக்குக் கிடைப்பது மூன்றரை வோல்ட் சொச்சம்தானா? பிறகு எப்படி ஏறும்! ஒர்க்‌ஷாப்பில் பார்த்த மாதிரி கப்ளரைப் பிடுங்கிவிட்டு அளந்தால் இப்போதும் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் ஜம்மென்று காட்டுகிறது. அடுத்து என்ன செய்வது? மாஸ்டரிலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்துவிடலாமா என்று தம்பி கேட்கிறான்.

மன்னை ஒயர்மேன்:

பச்சைதான் குற்றவாளி. எர்த்தில் இருக்க வேண்டியது 8.3இல் நிற்கிறது. மோட்டார் சாப்பிட வேண்டிய எட்டு வோல்ட்டை வழியில் ஓர் இடம் சாப்பிடுகிறது. அந்த இடம் லேசாகச் சூடாகவும் இருக்கும். இறக்கும்போது நீலம் 0.5 காட்டியது நல்ல கணக்கு. அவ்வளவு தூர ஒயருக்கு அந்தச் சேதாரம் சகஜம்.

தனி ஒயர் இழுக்கும் யோசனையைத் தம்பியிடமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடைந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் புது ஒயர் இழுத்தால், அதே ரப்பருக்குள் மற்ற ஒயர்களும் நைந்துகொண்டிருப்பது தெரியாமலே போகும். நாளைக்கு சென்ட்ரல் லாக், நாளன்றைக்கு ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாக வரும்.

இப்போது ஒரு ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் இடது சுவிட்சில் ஏற்றத்தை அழுத்தியபடி இருக்கட்டும். நீங்கள் அந்தக் கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். பிறகு கீல் பக்கத்து ரப்பரைக் கையால் பிடித்து அமுக்கி, முறுக்கிப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் கண்ணாடி துள்ளி ஏறினால் இடம் அகப்பட்டுவிட்டது. அசைவே இல்லை என்றால் இதையே டிரைவர் கதவிலும் செய்யுங்கள், அந்த ஒயர் அங்கேயும் வளைகிறது. நம் ஊரில் டிரைவர் கதவு திறந்து மூடுகிற அளவுக்கு வேறு எதுவும் திறந்து மூடுவதில்லை, அதனால் அந்தப் பக்கம் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இரண்டிலும் இல்லையென்றால் மாஸ்டரைத் திறப்போம்.

எலியையும் ஒரு கண் பாருங்கள். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் வயலில் இருந்த எலிகள் வைக்கோல் போருக்கும் கார் டேஷ்போர்டுக்கும் குடிவந்துவிடும். இடது பக்கம் கால் வைக்கும் இடத்து ஓரப் பிளாஸ்டிக்கைக் கழற்றினால் புழுக்கையே சாட்சி சொல்லும்.

குடவாசல்காரன்:

அண்ணே, இடது கதவேதான்! பாதி திறந்த நிலையில் ரப்பரை மேல்நோக்கி அமுக்கியதும் கண்ணாடி படாரென்று ஏறி உச்சியில் போய் நின்றது. மனைவி சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எலி இல்லை.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ரப்பரை இரு பக்கமும் பிடுங்கிப் பின்னால் தள்ளினேன். வெளியே பார்த்தால் எல்லா ஒயரும் முழுசாகத்தான் இருந்தன. பச்சையில் ஒரு இடம் மட்டும் விரலுக்குக் கொழகொழவென்று, உள்ளே எலும்பில்லாத மாதிரி மடங்கியது. பிளேடால் கீறினேன். செம்பு கறுத்துப் பொடியாக உதிர்ந்தது, நடுவில் மயிரிழையாக ஓரிரு இழைதான் மிச்சம். பக்கத்தில் ஒரு கறுப்பு ஒயர் இன்சுலேஷன் வெடித்துச் செம்பு தெரிகிறது, அது எதற்கு என்று தெரியவில்லை. இரண்டையும் அங்கேயே முறுக்கி டேப் சுற்றிவிடலாமா? வீட்டு வயரிங் ஒயர் ஒரு துண்டு இருக்கிறது.

மன்னை ஒயர்மேன்:

இரண்டும் வேண்டாம். ஜாயிண்ட் அந்த ரப்பருக்குள் வரவே கூடாது. கதவு திறக்கும்போதெல்லாம் வளைகிற இடம் அது. ஈயம் வைத்தாலும் ஈயம் முடிகிற இடத்தில் ஒயர் விறைத்து, அதை ஒட்டியே மறுபடி ஒடியும். கெட்ட பகுதியை நீளமாக வெட்டி எறியுங்கள். ஒரு ஜாயிண்ட் கதவுக்குள், இன்னொன்று கால் வைக்கும் இடத்து ஓரப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால். நடுவில் ரப்பர் வழியாகப் போவது ஒரே துண்டாக இருக்கட்டும், கொஞ்சம் தொய்வாகவும் விடுங்கள். கம்பி மாதிரி விறைத்த வீட்டு ஒயர் வேண்டாம். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் மெல்லிழை நிறைய உள்ள வண்டி ஒயர் கேளுங்கள், பழைய ஒயரின் தடிமனுக்குக் குறையாமல். ஸ்லீவ் போட்டு நன்றாகக் கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி) மேலே சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டுங்கள். இரண்டு ஒயரின் ஜாயிண்டுகளையும் ஒரே உயரத்தில் வைக்காமல் முன்னே பின்னே தள்ளி வையுங்கள், கட்டு பருத்துப்போகாது.

கறுப்பு ஒயர் எதற்கு என்று தெரியாவிட்டாலும் அதையும் இதே மாதிரி மாற்றிவிடுங்கள். செம்பு தெரிந்தால் நாளைக்குப் பக்கத்து ஒயரோடு உரசி ஃப்யூஸைப் பறக்கவிடும்.

மூடும் முன் மூன்று வேலை. ரப்பரின் உதடு இரு பக்கமும் சரியாகப் பள்ளத்தில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஒயர் வழியே வழிந்து உள்ளே இறங்கும். டோர் பேடுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்திருந்தால் ஒட்டிவிடுங்கள், அது அலங்காரத்துக்கு இல்லை. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். ரோட்டிலேயே நெல் காயப்போடுகிற ஊர் நம்முடையது. பதரும் தூசியும் அதை அடைத்து, கதவுக்குள் தண்ணீர் கட்டி, அப்புறம்தான் உண்மையிலேயே மோட்டார் போகும். சேனல் ரப்பருக்கு சிலிகான் ஸ்ப்ரே ஒரு வாட்டி அடியுங்கள். கிரீஸ் வேண்டாம், மண் ஒட்டும்.

குடவாசல்காரன்:

முடிந்தது. ஏற்றும்போது பச்சையில் இப்போது 0.6. மாஸ்டரிலும் ஏறுகிறது, இறங்குகிறது. ஒயர், ஸ்லீவ், குழாய் எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள். கறுப்பு ஒயர் ஸ்பீக்கருடையது. அந்தப் பக்கம் பாட்டு விட்டு விட்டு வந்ததற்கும் காரணம் புரிந்தது. அடி ஓட்டைகளில் ஒன்றிலிருந்து தண்ணீர் ஒரு டம்ளர் அளவு கொட்டியது. மிக்க நன்றி அண்ணே.

ஒன்றே ஒன்று. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு டிரைவர் கண்ணாடி ஒரே அழுத்தில் முழுசாக ஏறுவதில்லை, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

மன்னை ஒயர்மேன்:

அது கோளாறு இல்லை. ஒரே அழுத்தில் ஏறுகிற கண்ணாடி, உச்சி எது என்பதை ஞாபகம் வைத்திருக்கும். பேட்டரி போனால் மறந்துவிடும். முழுக்க இறக்கி, பிறகு முழுக்க ஏற்றி, உச்சி தொட்ட பிறகும் சில விநாடி சுவிட்சை விடாமல் பிடியுங்கள். பெரும்பாலான வண்டியில் இது போதும். வராவிட்டால் வண்டியோடு வந்த புத்தகத்தில் முறை போட்டிருக்கும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: புது வண்டிகளில் சுவிட்ச் நேராக மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பதில்லை, கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் ஓட்டும். அங்கே நான் மேலே சொன்ன ‘எந்த சுவிட்சில் ஓடுகிறது’ கணக்கு செல்லாது. லோடோடு மோட்டாரில் அளக்கிற கணக்கு மட்டும் எங்கேயும் செல்லும்.

திருத்துறைப்பூண்டி டாக்ஸி:

அண்ணே, இதே இழையிலேயே கேட்டுவிடுகிறேன். என் வண்டியில் டிரைவர் கண்ணாடி தவிர மற்ற மூன்றும் அந்தந்தக் கதவு சுவிட்சில் ஓடவே இல்லை. மாஸ்டரில் மட்டும் எல்லாம் ஓடுகிறது. நேற்று வேளாங்கண்ணி சவாரி, பின்னால் நாலைந்து வாண்டுகள். அதற்குப் பிறகுதான். எந்த ஒயரிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

மன்னை ஒயர்மேன்:

ஒயரைத் தொடாதீர்கள். மாஸ்டரில் கண்ணாடிப் படத்துக்குக் குறுக்கே கோடு போட்ட பட்டன் ஒன்று இருக்கும், மற்ற கதவு சுவிட்சுகளைப் பூட்டுவது. அது உள்ளே அமுங்கியிருக்கிறதா பாருங்கள்.

திருத்துறைப்பூண்டி டாக்ஸி:

அமுங்கித்தான் இருந்தது. வாண்டுகள் வேலைதான்.